சிரித்தபடி ஒரு கணக்குத் தணிக்கை

2004 அக்டோபர் 15. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு மூன்று வாரங்கள்கூட இல்லை. சி.என்.என். தொலைக்காட்சியின் 'கிராஸ்ஃபயர்' என்னும் அரசியல் விவாத நிகழ்ச்சிக்கு ஜான் ஸ்டூவர்ட் என்ற நகைச்சுவைக் கலைஞர் விருந்தினராக வந்திருந்தார். வலதுசாரித் தரப்புக்கு ஒருவர், இடதுசாரித் தரப்புக்கு ஒருவர் என இரு நெறியாளர்கள் அமர்ந்து மோதிக்கொள்வது அந்நிகழ்ச்சியின் அமைப்பு. நகைச்சுவைத் துணுக்குகளை எதிர்பார்த்திருந்த அவர்களிடம் ஸ்டூவர்ட் ஒரு வேண்டுகோளை வைத்தார். நீங்கள் நடத்துவது விவாதம் அன்று, நாடகம். அதனால் நாட்டுக்குத் தீங்கு விளைகிறது. நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். அடுத்த ஜனவரியில் அந்நிகழ்ச்சியைக் கைவிடுவதாக சி.என்.என். அறிவித்தது. ஸ்டூவர்ட்டின் விமர்சனத்தோடு தாம் உடன்படுவதாக அந்நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஜொனாதன் கிளைன் வெளிப்படையாகவே கூறினார்.

விவாத நிகழ்ச்சிகளைப் பற்றிய இந்தக் குறை புதியதன்று. ஊடகவியல் அறிஞர்கள் நெடுங்காலமாக எழுதி வந்ததுதான். அதை ஒரு நகைச்சுவைக் கலைஞர் சொன்ன பிறகே செவிமடுத்தார்கள் என்பது முதல் வியப்பு. அக்கலைஞர் நடத்திய கேலி நிகழ்ச்சியே பல இலட்சம் அமெரிக்கர்களுக்குச் செய்தி அறியும் வாயிலாகவும் ஆனது என்பது இரண்டாவது வியப்பு. இவ்விரண்டுக்குமான விடை நகைச்சுவையின் இலக்கணத்தில் இருப்பதைவிடச் செய்தித் துறையின் பொருளாதாரத்தில்தான் அதிகம் இருக்கிறது. பொருளாதாரம் கற்பித்தே ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

இரு வகை அங்கதம்

அங்கதத்தைத் தொல்காப்பியம் இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். தொண்டைமானின் படைக்கலங்கள் புத்தம் புதிதாகப் பளபளக்கின்றன என்று ஔவையார் புகழ்ந்ததன் உட்பொருளை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரு புகழ்பெற்ற நிகழ்ச்சிகளை இந்தப் பகுப்பில் எளிதாக வைத்துப் பார்க்கலாம்.

'தி டெய்லி ஷோ' 1996இல் 'காமெடி சென்ட்ரல்' அலைவரிசையில் தொடங்கியது. 1999 ஜனவரியில் ஸ்டூவர்ட் பொறுப்பேற்ற பிறகே அது அரசியலையும் ஊடகத்தையும் முதன்மைப் பொருளாகக் கொண்டது. அவருடையது செம்பொருள். அதே நிகழ்ச்சியில் செய்தியாளராக நடித்துப் புகழ்பெற்ற ஸ்டீபன் கோல்பேர், 2005 அக்டோபரில் 'தி கோல்பேர் ரிப்போர்ட்' என்னும் தனி நிகழ்ச்சியைத் தொடங்கினார். தற்பெருமையும் ஆரவாரமும் மிக்க வலதுசாரித் தொகுப்பாளர் ஒருவரைப் போலவே ஒன்பது ஆண்டுகள் வேடம் தரித்து, அந்தத் தரப்பைப் போற்றிப் போற்றியே அதன் ஓட்டைகளைக் காட்டினார். அது பழிகரப்பு.

இந்த வகைக்கு முன்னோடி பிரிட்டனில் உண்டு. 1962 நவம்பரில் பி.பி.சி. தொடங்கிய வாராந்திர அங்கத நிகழ்ச்சி, டேவிட் ஃபிராஸ்ட்டின் தொகுப்பில் அமைச்சர்களையும் திருச்சபையையும் அரச குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. பெரும் வரவேற்பு இருந்தும் 1963 டிசம்பரோடு அது நிறுத்தப்பட்டது. வரும் ஆண்டு தேர்தல் ஆண்டு என்று காரணம் கூறப்பட்டது. வாக்காளருக்கு விமர்சனம் மிகவும் தேவைப்படும் ஆண்டில்தான் அது ஆபத்தானதாகக் கருதப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நேற்றையும் இன்றையும் ஒப்பிடும் கலை

கணக்குத் தணிக்கையாளர் புதிதாக ஒரு ரூபாயும் ஈட்டித் தருவதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட பேரேட்டையும் ரசீதுகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து, பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே அவர் வேலை. 'தி டெய்லி ஷோ'வின் அடிப்படை உத்தியும் அதுதான். அரசியல்வாதி ஒருவர் இன்று கூறியதையும், ஓராண்டுக்கு முன் அதே பொருளில் அவரே கூறியதையும் அடுத்தடுத்து ஒளிபரப்புவது. ஐந்து அலைவரிசைகளின் தொகுப்பாளர்கள் ஒரே நாளில் ஒரே சொற்றொடரைச் சொல்வதைக் கோத்துக் காட்டுவது. பெரும்பாலும் அதன் பின் ஸ்டூவர்ட் எதுவும் சொல்லத் தேவையிருக்காது. முகத்தைச் சுளித்தால் போதும்; அரங்கம் சிரித்துவிடும்.

2009 மார்ச் 12 அன்று நடந்த நேர்காணல் இதற்குச் சிறந்த சான்று. 'சி.என்.பி.சி.' என்னும் வணிகச் செய்தி அலைவரிசையில் 'மேட் மணி' என்ற பங்குச் சந்தை ஆலோசனை நிகழ்ச்சியை நடத்தும் ஜிம் கிராமர் அன்று ஸ்டூவர்ட்டின் எதிரே அமர்ந்திருந்தார். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 2008 மார்ச் 11 அன்று, பேர் ஸ்டெர்ன்ஸ் முதலீட்டு வங்கியைப் பற்றிக் கேட்ட நேயருக்கு, அது நன்றாகவே இருக்கிறது, பணத்தை எடுக்க வேண்டாம் என்று கிராமர் அடித்துச் சொல்லியிருந்தார். அன்று 60 டாலருக்கு மேல் விற்ற அந்த வங்கியின் பங்கு, ஐந்தே நாளில் பங்கு ஒன்றுக்கு 2 டாலர் என்ற விலையில் ஜே.பி. மார்கன் சேஸ் நிறுவனத்துக்குக் கைமாற ஒப்பந்தமானது. பின்னர் அது 10 டாலராக உயர்த்தப்பட்டது. நேயர் அவ்வங்கியில் வைத்திருந்த கணக்கைப் பற்றியே தாம் சொன்னதாகவும், பங்கை வாங்கச் சொல்லவில்லை என்றும் கிராமர் விளக்கம் தந்தார். அந்த விளக்கத்தையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆனால் ஸ்டூவர்ட்டின் கேள்வி அந்த ஒரு பரிந்துரையோடு நிற்கவில்லை. விலைகளைச் செயற்கையாகச் சரியவைக்கத் தனியார் முதலீட்டு நிதியங்கள் கையாளக்கூடிய உத்திகளைப் பற்றி, 2006இல் ஓர் இணைய நேர்காணலில் கிராமர் இயல்பாகப் பேசிய காட்சிகளை அவர் எதிரிலேயே ஓடவிட்டார். இதெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியுமென்றால் உங்கள் அலைவரிசை அதை மக்களிடம் ஏன் சொல்லவில்லை, நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்பதுதான் அன்றைய கேள்வியின் மையம்.

நிதிச் சந்தை பற்றி வகுப்பெடுத்த ஆண்டுகளில் இந்த உரையாடலை மாணவர்களுடன் பலமுறை விவாதித்திருக்கிறேன். ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, இந்தக் கேள்வியை வேறொரு செய்தி அலைவரிசை ஏன் கேட்கவில்லை?" பாடநூலில் உள்ள பல கேள்விகளைவிடச் சிறந்த கேள்வி அது.

ஏன் மற்றவர்கள் கேட்கவில்லை?

முதல் காரணம், யாரிடமிருந்து வருவாய் வருகிறது என்பது. வணிகச் செய்தி அலைவரிசைக்குத் தலைமைச் செயல் அதிகாரிகள் நாள்தோறும் விருந்தினராக வர வேண்டும். தரகு நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் விளம்பரம் தர வேண்டும். கடுமையாகக் கேள்வி கேட்கப்பட்டவர் மறுமுறை வரமாட்டார். போட்டி அலைவரிசைக்குப் போய்விடுவார். அரசியல் செய்தியிலும் இதே கதைதான். எவரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரிடமிருந்தே மூலப்பொருளைப் பெற வேண்டியிருக்கும் தொழிலில், கண்காணிப்பு தளர்வது தனிமனிதரின் நேர்மைக் குறைவால் மட்டும் நேர்வதில்லை. தொழிலின் அமைப்பே அந்தத் திசையில் தள்ளுகிறது. நகைச்சுவை அலைவரிசைக்கு வங்கித் தலைவரின் தயவு தேவையில்லை. அதன் பிழைப்பு அவர் வருகையை நம்பி இல்லை.

இரண்டாவது காரணம், உற்பத்திச் செலவு. இருபத்து நான்கு மணி நேரமும் ஒளிபரப்ப வேண்டிய அலைவரிசைக்கு மலிவான சரக்கு, இரண்டு பேரை உட்கார வைத்துச் சண்டையிடச் செய்வது. ஒரு செய்தியாளரை மூன்று மாதம் ஓர் ஆவணத்தின் பின்னால் அலையவிடுவது விலை மிகுந்த சரக்கு. அது கிடைத்த மறுகணமே மற்ற அலைவரிசைகளும் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளும். செலவு ஒருவருக்கு, பயன் எல்லாருக்கும் என்ற நிலையில் அத்தகைய பொருள் சமூகத்துக்குத் தேவையான அளவில் உற்பத்தியாகாது. பொதுப் பண்டங்களைப் பற்றிய அடிப்படைப் பாடம் இது.

மூன்றாவது காரணம், செய்தி அழுகும் பண்டம். நேற்றைய செய்தியைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில் அலைவரிசைக்கு ஆதாயம் இல்லை. நேற்று தான் சொன்னது பொய்த்திருந்தால் நட்டமே உண்டு. அங்கத நிகழ்ச்சிக்கோ நேற்றைய செய்திதான் மூலதனம். பிறருடைய ஒளிப்பதிவை விமர்சன நோக்கில் எடுத்தாள்வதற்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 'நியாயமான பயன்பாடு' என்னும் கோட்பாடு இடம் தருகிறது. மற்றவர்கள் கழித்துப்போட்ட சரக்கிலிருந்து அது தன் பண்டத்தைச் செய்துகொள்கிறது.

ஆகவே ஸ்டூவர்ட்டின் துணிச்சலைக் குறைத்து மதிப்பிடாமலே ஒன்றைச் சொல்லலாம். நினைவு வைத்திருப்பது, ஒப்பிடுவது, முரண்பாட்டைக் கேட்பது ஆகிய பணிகளைச் செய்தித் துறை ஆதாயமற்றவை என்று கைவிட்டது. காலியான அந்த இடத்தில் நகைச்சுவை வந்து அமர்ந்தது.

செய்துகாட்டிய பாடங்கள்

ஊடக விமர்சனமாகத் தொடங்கியது செய்தி வாயிலாக மாறியது எப்படி? ஒரு செய்தியை ஊடகங்கள் எவ்வாறு திரித்தன என்று சொல்ல வேண்டுமானால், உண்மையில் நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். தணிக்கை அறிக்கையைப் படிப்பவருக்குக் கணக்கும் விளங்கிவிடுகிறது. சில நிகழ்ச்சிகள் இதற்கும் ஒரு படி மேலே சென்றன.

தேர்தல் நேரத்தில் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கட்சி, வேட்பாளரைச் சாராமல் தாமே செய்யும் பரப்புரைச் செலவுக்கு வரம்பு விதிக்க முடியாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 'சூப்பர் பேக்' எனப்படும் நிதிக்குழுக்கள் பெருகின. வரம்பின்றிப் பணம் திரட்டலாம். வேட்பாளருடன் கலந்து திட்டமிடக் கூடாது என்பது முக்கியக் கட்டுப்பாடு. இதைப் பற்றி நாளிதழ்கள் எழுதிய நுட்பமான கட்டுரைகளைச் சிலரே படித்தார்கள். கோல்பேர் வேறு வழியைத் தேர்ந்தார். 2011 ஜூனில் தேர்தல் ஆணையத்தின் முன் நேரில் சென்று தாமே ஒரு சூப்பர் பேக் நடத்த ஒப்புதல் பெற்றார். தேர்தல் ஆணையத்தின் முன்னாள் தலைவரும் வழக்கறிஞருமான டிரெவர் பாட்டர் நிகழ்ச்சிக்கு வந்து, அடுத்தடுத்த ஓட்டைகளைச் சட்டப்படியே விளக்கினார். 2012 ஜனவரியில் தாம் அதிபர் வேட்பாளராவது பற்றி யோசிப்பதாகக் கூறிய கோல்பேர், 'கலந்து திட்டமிடாமல் இருக்க வேண்டும்' என்பதற்காகக் குழுவைத் தம் நண்பர் ஸ்டூவர்ட்டிடம் ஒளிபரப்பிலேயே ஒப்படைத்தார். விதி எவ்வளவு பொருளற்றது என்பதை அந்த ஒரு கைமாற்றம் விளங்க வைத்தது. நேயர்கள் அனுப்பிய தொகை 10 இலட்சம் டாலரைக் கடந்தது. எஞ்சிய பணம் பின்னர் அறப்பணிகளுக்கு வழங்கப்பட்டது.

இதன் பயனைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னன்பர்க் பொதுக்கொள்கை மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, தேர்தல் நிதி விதிகளைப் பற்றிய அறிவை உயர்த்துவதில் கோல்பேரின் நிகழ்ச்சி வழக்கமான செய்தி அலைவரிசைகளை விஞ்சியிருந்தது.

ஜான் ஆலிவர் 2014 ஏப்ரலில் 'எச்.பி.ஓ.'வில் தொடங்கிய வாராந்திர நிகழ்ச்சி இந்தப் போக்கை மேலும் வளர்த்தது. சந்தாதாரர்களின் பணத்தில் இயங்கும் அந்த அலைவரிசையில் இடைவிளம்பரம் கிடையாது. எனவே ஒரே பொருளைப் பதினைந்து, இருபது நிமிடம் இடைவெளியின்றி எடுத்துச் சொல்ல முடிகிறது. 2016 ஜூனில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், வராக்கடனை வாங்கி விற்கும் சந்தை. ஐம்பது டாலர் செலவில் ஒரு கடன் வசூல் நிறுவனத்தை மிசிசிப்பி மாநிலத்தில் பதிவு செய்தார். ஏறத்தாழ 9,000 பேரின் மருத்துவக் கடன், மொத்தம் ஏறத்தாழ 1.5 கோடி டாலர், 60,000 டாலருக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தது. அதாவது நூறு டாலர் கடனின் சந்தை விலை நாற்பது சென்ட் மட்டுமே. நோயாளியைத் துரத்தித் துரத்தி முழுத் தொகையையும் கேட்கும் வசூல்காரர் அதை என்ன விலைக்கு வாங்கினார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லாது. அந்தக் கடன் முழுவதையும் ஓர் அறநிறுவனத்தின் மூலம் ஆலிவர் தள்ளுபடி செய்தார்.

இணையச் சமநிலை பற்றி 2014 ஜூன் 1 அன்று அவர் பேசியதும் இத்தகையதே. தகவல் தொடர்பு ஆணையத்துக்குக் கருத்து அனுப்புமாறு நேயர்களை அவர் கேட்டுக்கொண்ட மறுநாளே அதன் இணையதளம் திணறியது. அவ்வாண்டு செப்டம்பருக்குள் 37 இலட்சம் கருத்துகள் குவிந்தன. பல குடிமை அமைப்புகளின் உழைப்பும் அதில் அடங்கும். 2015 பிப்ரவரியில் ஆணையம் 3-2 என்ற வாக்கில் இணையச் சமநிலை விதிகளை ஏற்றது. 2017 டிசம்பரில் அதே ஆணையம், வேறு பெரும்பான்மையுடன், அவற்றை நீக்கியது. கவனத்தைத் திரட்டச் சிரிப்பால் முடிந்தது. அதை நிலைநிறுத்த அதனால் முடியவில்லை.

அறிவா, அறிந்த மயக்கமா?

செய்தி அறிய இந்த நிகழ்ச்சிகள் போதுமா? பியூ ஆய்வு மையம் 2007இல் நடத்திய பொது அறிவுக் கணிப்பில், ஸ்டூவர்ட், கோல்பேர் நிகழ்ச்சிகளின் நேயர்களில் 54 விழுக்காட்டினர் உயர் அறிவுப் பிரிவில் இடம்பெற்றனர். பெரிய நாளிதழ்களின் இணையதளங்களைப் படிப்போருக்கும் அதே 54 விழுக்காடுதான். உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தி பார்ப்போரில் இது 35 விழுக்காடு. 2004 தேர்தல் ஒளிபரப்புகளை ஒப்பிட்ட இந்தியானா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, 'தி டெய்லி ஷோ'வில் இருந்த கொள்கைச் செய்தியின் அளவு பெரிய அலைவரிசைகளின் செய்தி அறிக்கைகளுக்குக் குறைந்ததில்லை என்று கண்டது.

இத்தகைய எண்களைக் கையாளும்போது மாணவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கையை இங்கும் சொல்ல வேண்டும். உடன் நிகழ்வது வேறு, காரணமாவது வேறு. நிகழ்ச்சியைப் பார்த்ததால் அவர்கள் அறிவாளிகள் ஆனார்களா, அல்லது ஏற்கெனவே நாளிதழ் படிப்பவர்களுக்கே அந்த நகைச்சுவை புரிந்ததா? பின்னதற்கு வலுவான இடமுண்டு. அமைச்சர் பெயர் தெரியாதவனுக்கு அமைச்சரைப் பற்றிய கேலி விளங்காது. அங்கதம் செய்திக்கு மாற்றுப் பண்டமாக இருப்பதைவிட, அதனோடு சேர்ந்து நுகரப்படும் துணைப் பண்டமாகவே இருக்கிறது. காபித்தூள் இல்லாத வீட்டில் சர்க்கரை மட்டும் இருந்து பயனில்லை.

பக்கவிளைவும் உண்டு. பாம்கார்ட்னர், மாரிஸ் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், 'தி டெய்லி ஷோ' பார்த்தவர்களுக்கு இரு கட்சி வேட்பாளர்கள் மீதும் மதிப்புக் குறைந்தது. தேர்தல் முறை மீதும் செய்தி ஊடகம் மீதும் அவநம்பிக்கை கூடியது. அதே வேளையில், அரசியல் தமக்கு நன்றாகப் புரிகிறது என்ற நம்பிக்கையும் கூடியது. எல்லாரும் திருடர்கள், எனக்கு எல்லாம் தெரியும் என்ற இரண்டும் சேர்ந்த மனநிலை குடியாட்சிக்கு நல்லதன்று. கேள்வி கேட்பவன் அடுத்து ஏதேனும் செய்வான்; எல்லாம் வீண் என்று முடிவு கட்டியவன் வாக்குச்சாவடிக்கும் போகமாட்டான்.

இன்னொன்றும் இருக்கிறது. தம்மைக் குறை கூறுவோருக்கு, நான் வெறும் நகைச்சுவைக் கலைஞன்தானே என்று ஸ்டூவர்ட் பலமுறை பதிலளித்தார். 'கிராஸ்ஃபயர்' அரங்கிலேயே அந்தக் கேடயத்தை அவர் எடுத்தார். தொடக்கத்தில் அது நியாயமான பதில். 2007இல் பியூ நடத்திய மற்றொரு கணிப்பில், அமெரிக்கர்கள் மிகவும் மதிக்கும் செய்தியாளர்கள் வரிசையில் புகழ்பெற்ற செய்தித் தொகுப்பாளர்களுடன் அவர் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட பின், அந்தக் கேடயம் அளவில் சிறியதாகிவிட்டது. மக்கள் நம்பிக்கை வைக்கும் இடத்தில் பொறுப்பும் வந்து சேரும். ஆலிவரின் நிகழ்ச்சி தகவல்களைச் சரிபார்க்கத் தனி ஆய்வுக் குழுவை வைத்திருப்பது இதை உணர்ந்த செயல்தான்.

பேரேட்டை எழுதுவது யார்?

2016 ஆகஸ்டில் ஆலிவர் செய்தித்தாள்களைப் பற்றியே ஒரு முழுப் பகுதியை ஒளிபரப்பினார். தம்முடையது உள்ளிட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் உள்ளூர் நாளிதழ்கள் திரட்டும் செய்தியை எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தச் செய்தித்தாள்களின் நிலை என்ன? பியூ மையத்தின் கணக்கின்படி, அமெரிக்க நாளிதழ்களின் செய்திப் பிரிவுகளில் 2008இல் ஏறத்தாழ 71,000 பேர் பணிபுரிந்தனர். 2020இல் 31,000 பேர். வரி விளம்பரம் இணையத்துக்குப் போனது. காட்சி விளம்பரம் கூகுள், ஃபேஸ்புக் நிறுவனங்களுக்குப் போனது. 2005க்குப் பிறகு அந்நாட்டின் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டன. நகர்மன்றக் கூட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் செய்தியாளர் செல்லாத ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இங்கேதான் என் கவலை. தணிக்கையாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், பேரேடே எழுதப்படவில்லை என்றால் அவருக்கு வேலை இல்லை. மேயரின் ஒப்பந்த ஊழலை ஓர் உள்ளூர்ச் செய்தியாளர் தோண்டி எடுத்தால்தான் அதை வைத்து நகைச்சுவைக் கலைஞர் நாட்டையே சிரிக்க வைக்க முடியும். இலவசமாகக் கிடைக்கும் இரண்டு நிமிடத் துணுக்கைப் பார்த்துச் சிரித்து, அதன் பின்னிருந்த ஆறு மாத உழைப்புக்கு ஒரு காசும் தராத நேயர்கள் பெருகினால், சில ஆண்டுகளில் துணுக்குக்கும் பஞ்சம் வரும்.

தணிக்கையாளருக்கும் முதலாளி உண்டு என்பது மற்றொரு கவலை. எகிப்தில் இதய அறுவை மருத்துவரான பாசிம் யூசுஃப் 2011 புரட்சிக்குப் பின் தொடங்கிய நிகழ்ச்சி, ஸ்டூவர்ட்டை முன்மாதிரியாகக் கொண்டது. 2013இல் மோர்சி ஆட்சியில் அவர் விசாரணைக்கு உள்ளானார். இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் முதலில் ஓர் அலைவரிசை நிகழ்ச்சியை நிறுத்தியது. வேறோர் அலைவரிசையில் தொடர்ந்ததும் 2014 ஜூனில் முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் சிறை இல்லை, செலவு உண்டு. 2017இல் ஆலிவர் மீது நிலக்கரி நிறுவன அதிபர் ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கு தள்ளுபடியானது. ஆயினும் வழக்குச் செலவு 2 இலட்சம் டாலரைக் கடந்ததாகவும், காப்பீட்டுக் கட்டணம் மும்மடங்கானதாகவும் ஆலிவர் பின்னர் தெரிவித்தார்.

2025 ஜூலையில், கோல்பேர் பின்னாளில் ஏற்று நடத்திய 'லேட் ஷோ' 2026 மே மாதத்துடன் முடிவடையும் என்று சி.பி.எஸ். அறிவித்தது. அதன் தாய் நிறுவனமான பாராமவுண்ட், அதிபர் டிரம்ப் தொடுத்த வழக்கொன்றில் 1.6 கோடி டாலர் தர உடன்பட்டதைச் சில நாள்களுக்கு முன்புதான் கோல்பேர் கடுமையாகச் சாடியிருந்தார். நிறுவனம் கைமாறுவதற்கு அரசின் ஒப்புதலும் அப்போது நிலுவையில் இருந்தது. முடிவு முற்றிலும் நிதி சார்ந்தது என்கிறது நிறுவனம். நள்ளிரவு நிகழ்ச்சிகளின் விளம்பர வருவாய் சரிந்து வருவது உண்மை. ஆகவே அக்கூற்றைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வருவாய் சுருங்கிய நிகழ்ச்சியை நிறுத்துவது எளிது, அதிலும் அது தொல்லை தருவதாக இருந்தால் இன்னும் எளிது என்பதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியது

இந்த நிகழ்ச்சிகளின் துணுக்குகள் இன்று கைப்பேசி வழியே உலகெங்கும் பரவுகின்றன. அதே பாணியில் வெட்டி ஒட்டிய காணொளிகள் நம் மொழியிலும் நாள்தோறும் வந்து விழுகின்றன. அவற்றை எடைபோட மூன்று கேள்விகள் உதவும் என்று கருதுகிறேன். முதலாவது, எடுத்துக்காட்டப்படும் காட்சி எப்போது, எந்தச் சூழலில் பேசப்பட்டது என்பது சொல்லப்படுகிறதா? ஒப்பிடுவதும் வெட்டி ஒட்டுவதும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். தேதியும் சூழலும் கேட்டால்தான் வேறுபாடு தெரியும். இரண்டாவது, சிரிப்பின் இலக்கு அதிகாரமா, அதிகாரமற்றவரா? மூன்றாவது, சிரித்து முடித்த பின் கையில் ஒரு தகவலாவது மிஞ்சுகிறதா, வெறுப்பு மட்டும் மிஞ்சுகிறதா? கோல்பேரின் சூப்பர் பேக் பகுதியையும் ஆலிவரின் கடன் பகுதியையும் இந்த மூன்றாலும் சோதித்துப் பாருங்கள், தேறும். எந்தக் கட்சியின் ஆதரவாளர் அனுப்பினாலும், நம் கைப்பேசிக்கு வருவனவற்றில் எத்தனை தேறும் என்பதை அவரவரே சோதித்துக்கொள்ளலாம்.

அதோடு, மாதம் ஒருமுறை காபிக்கடையில் செலவிடும் தொகையை, செய்தியாளரை ஊர் ஊராக அனுப்பும் ஏதேனும் ஒரு நாளிதழுக்குச் சந்தாவாகச் செலுத்தலாம். நல்ல அங்கதத்துக்கு நாம் தரும் விலையும் அதில் அடங்கியிருக்கிறது.